கடல் கடந்து கொண்டாடிய சுதந்திர நாள்

ஒரு நாட்டின் சுதந்திர நாளை அந்நாட்டு மக்கள் வேறொரு நாட்டில் கூடிக் கொண்டாடுவது இன்று பழகிப்போன காட்சி. ஆண்டுதோறும் ஜூன் முதல் ஞாயிறன்று நியூயார்க் நகரின் மாடிசன் அவென்யூவில் பிலிப்பினோக்கள் ஊர்வலம் போகிறார்கள். ஆகஸ்ட் 15 அன்று துபாயிலும் தோஹாவிலும் நம்மவர்கள் மூவர்ணக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். இதில் என்ன வரலாறு இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் எந்த நாளை, எந்த மண்ணில், யாருடைய ஆட்சியின்கீழ் கொண்டாடினார்கள் என்று கேட்கத் தொடங்கினால் விஷயம் விரிந்துகொண்டே போகும். தென்காசி, கடையநல்லூர்ப் பகுதியிலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி ஒரு காலத்தில் குடியுரிமைக் கேள்வியாகவே இருந்தது.

தென்காசிச் சீமையிலிருந்து போனவர்கள்

மலாயாவுக்குப் போன தமிழர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டங்களுக்கும் இரயில் பாதை வேலைக்கும் ஆள் எடுத்து அனுப்பப்பட்டவர்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறினார்கள். 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பலின் பெயரை அறியாத பழைய சிங்கப்பூர்க் குடும்பம் இருக்க முடியாது. பொதுவாக ஆண்கள் தனியே போவார்கள், சில ஆண்டுகள் உழைத்துப் பணம் சேர்த்துத் திரும்புவார்கள்.

கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் இந்த வழக்கத்திலிருந்து மாறுபட்டவர்கள். இவர்களில் பலர் நெசவாளர்கள். தாது வருஷப் பஞ்சமும் (1876–78) கைத்தறியின் வீழ்ச்சியும் இவர்களை ஊரைவிட்டுக் கிளப்பின. இவர்கள் பெண்களையும் குழந்தைகளையும் கூட அழைத்துக்கொண்டு போனார்கள். சிங்கப்பூர்த் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாரில் குடியேறினார்கள். ஆண்கள் துறைமுகத்திலும் சிறு வணிகத்திலும் ஈடுபட, பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றுச் சம்பாதித்தார்கள். அக்காலச் சிங்கப்பூர் இந்தியரிடையே பெண்கள் மிகக் குறைவு. எனவே குடும்பமாக வாழ்ந்த இந்தச் சிறு சமூகம் தனித்துத் தெரிந்தது. தமிழ் முஸ்லிம்கள் கடல் கடந்து போகிறவரைச் ‘சபராளி’ என்பார்கள். சபர் என்றால் பயணம். பயணம் போனவர் திரும்புவார் என்பதுதான் அச்சொல்லின் பொருள். குடும்பத்தோடு போனவர் விஷயத்தில் அது அவ்வளவு உறுதியில்லை.

இவர்கள் 1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கத்தை அமைத்தார்கள். போர் முடிந்ததும் 1946-இல் இச்சங்கத்தினர் தொடங்கிய பள்ளிதான் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் அடக்கத்தலம் எட்டயபுரத்தில் இருக்கிறது. அந்தப் பெயரைத் துறைமுகத்து ஓரத்தில் ஒரு பள்ளிக்குச் சூட்டியவர்களின் மனம் எங்கே இருந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஜனவரி 26 என்னும் முதல் சுதந்திர நாள்

இந்தியாவின் சுதந்திர நாள் எது என்று மாணவர்களைக் கேட்டால் ஆகஸ்ட் 15 என்பார்கள். 1947-க்கு முன் பதினேழு ஆண்டுகள் இதற்கான விடை ஜனவரி 26. 1929 டிசம்பரில் லாகூர்க் காங்கிரஸ் முழு விடுதலையே குறிக்கோள் என்று தீர்மானித்தது. டிசம்பர் 31 நள்ளிரவில் ராவி நதிக்கரையில் நேரு கொடியேற்றினார். 1930 ஜனவரி 26 முதல் சுதந்திர நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டது. அந்த நாளின் நினைவாகத்தான் 1949 நவம்பரில் நிறைவேறிய அரசியலமைப்பை இரண்டு மாதம் காத்திருந்து 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். குடியரசு நாள் அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் பார்க்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தொடர்பை யாரும் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

இல்லாத சுதந்திரத்துக்கு ஒரு சுதந்திர நாள். இதில் ஒரு வசதி உண்டு. நாடு விடுதலை அடைந்திருக்க வேண்டியதில்லை, நாம் நாட்டில் இருக்க வேண்டியதும் இல்லை. கொடியும் உறுதிமொழியும் கூட நாலு பேரும் போதும். மலாயாத் தோட்டங்களுக்கு அந்தக் கொடி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு 1941-ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தம் சான்று. ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் அதற்குத் தலைமை தாங்கினார். தொழிலாளர்கள் காந்தி குல்லாய் அணிந்தார்கள், தோட்டங்களில் காங்கிரஸ் கொடி பறந்தது. சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதைத் தடுத்தல் ஆகியவை கோரிக்கைகள். ஐரோப்பியத் துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. அரசு நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். சுதந்திரம் என்ற சொல்லுக்குத் தோட்டத்துத் தமிழர் கொடுத்த பொருள் அந்தச் சைக்கிள் கோரிக்கையில் தெளிவாகத் தெரிகிறது.

1943 அக்டோபர்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் திடலில் பிரிட்டிஷ் படையின் இந்திய வீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அங்கிருந்து பிறந்தது இந்திய தேசிய இராணுவம். நேற்றுவரை குற்றமாக இருந்த சுதந்திர நாள் கூட்டம் இப்போது ஆட்சியாளரின் ஆதரவோடு நடந்தது. இந்திய சுதந்திர லீக் ஜனவரி 26-ஐ வெளிப்படையாகக் கடைப்பிடித்தது.

சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலை 2 அன்று சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். ஜூலை 4 அன்று கேத்தே அரங்கில் லீக்கின் தலைமையை ராஷ் பிகாரி போஸிடமிருந்து ஏற்றார். மறுநாள் பாடாங் திடலில் படையைப் பார்வையிட்டார். அக்டோபர் 21 அன்று அதே கேத்தே அரங்கில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பைப் போஸ் ஓர் இரவில் எழுதி முடித்ததாகவும், தாளுக்குத் தாள் வாங்கித் தாமே தட்டச்சு செய்ததாகவும் விளம்பரத் துறை அமைச்சராக இருந்த எஸ்.ஏ. ஐயர் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஐயர் ஒரு தமிழர், ராய்ட்டர் செய்தியாளராக இருந்தவர்.

இந்திய அரசு ஒன்று இந்தியாவுக்கு வெளியே பிறந்த நாள் அது. மறுநாள் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைவி. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாவில் பிறந்த தமிழ்ப் பெண்கள். இந்தியாவை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் இந்தியாவின் விடுதலைக்காகத் துப்பாக்கி தூக்கினார்கள். கோலாலம்பூர்ப் பெண் ஜானகி தேவர் இப்படையில் இரண்டாம் நிலைத் தலைவியாக உயர்ந்தார். பிற்காலத்தில் அவர் மலேசிய மேலவை உறுப்பினர் ஆனார். இந்திய அரசு 2000-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. ஒரே வாழ்க்கையில் இரண்டு நாடுகளின் விடுதலை வரலாறும் அடங்கிவிட்டது.

இதை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. அதே 1943 அக்டோபரில்தான் சயாம்–பர்மா இரயில் பாதை கட்டி முடிக்கப்பட்டது. ஜப்பானியர் அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். கூலியும் உணவும் தருவதாகச் சொல்லி அழைத்தும் போனார்கள், லாரியில் பிடித்துப் போட்டும் போனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அவர்களில் பெரும்பகுதியினர் மடிந்தார்கள். நேசநாட்டுப் போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. இறந்த தமிழர்களின் பெயர்ப் பட்டியல்கூட முழுமையாக இல்லை. கேத்தே அரங்கில் கைதட்டியவர்களின் உறவினர் சிலர் அந்தக் காட்டில் கிடந்திருப்பார்கள். போஸின் தியாகத்தைக் குறைத்து மதிப்பிட இதைச் சொல்லவில்லை. கொடியை ஏற்ற அனுமதித்த கைதான் தொழிலாளியைக் காட்டுக்கு அனுப்பியது என்பதை வரலாறு படிப்பவர் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பிலிப்பைன்ஸின் மூன்று தேதிகள்

அந்த அக்டோபரில் இன்னொரு சுதந்திர அறிவிப்பும் நடந்தது. சிங்கப்பூர் அறிவிப்புக்கு ஒரு வாரம் முன்னதாக, அக்டோபர் 14 அன்று, மணிலாவில் ஜோசே லாரல் தலைமையில் பிலிப்பைன்ஸ் குடியரசு ஜப்பானியரின் ஆதரவோடு அறிவிக்கப்பட்டது. போஸின் அரசை அங்கீகரித்த ஒன்பது அரசுகளில் லாரலின் அரசும் ஒன்று. நவம்பர் 5, 6 தேதிகளில் டோக்கியோவில் நடந்த பெருங்கிழக்காசிய மாநாட்டில் லாரல் உறுப்பினராகவும் போஸ் பார்வையாளராகவும் அமர்ந்தார்கள்.

பிலிப்பினோக்கள் இன்று அக்டோபர் 14-ஐக் கொண்டாடுவதில்லை. அவர்களின் கதை நம்முடையதைவிடச் சிக்கலானது. 1898 ஜூன் 12 அன்று கவீத்தே மாகாணத்துக் காவித் நகரில் எமிலியோ அகினால்டோ ஸ்பெயினிடமிருந்து விடுதலை அறிவித்தார். அன்று ஏற்றிய கொடி நாட்டுக்குள் தைக்கப்பட்டதல்ல. ஹாங்காங்கில் அடைக்கலம் புகுந்திருந்த மார்செலா அகொன்சில்யோ தம் மகளோடும், ஹோசே ரிசாலின் உறவுப்பெண் ஒருவரோடும் சேர்ந்து தைத்தது. நமக்கும் இதற்கு ஈடான செய்தி உண்டு. மேடம் காமா இந்தியக் கொடியை 1907 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில்தான் விரித்துக் காட்டினார். நாட்டுக்குள் ஏற்ற முடியாத கொடி வெளியே பிறப்பது அடிமை நாடுகளின் வழக்கம் போலும்.

அந்த அறிவிப்பு நிலைக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் பாரிஸ் உடன்படிக்கையின்படி ஸ்பெயின் 2 கோடி டாலர் பெற்றுக்கொண்டு தீவுகளை அமெரிக்காவுக்குக் கொடுத்துவிட்டது. போர் மூண்டது, பிலிப்பினோக்கள் தோற்றார்கள். கடைசியில் அமெரிக்கா விடுதலை வழங்கிய தேதி 1946 ஜூலை 4. அது அமெரிக்காவின் சுதந்திர நாளும்கூட. பதினாறு ஆண்டுகள் அதையே கொண்டாடினார்கள். 1962-இல் குடியரசுத் தலைவர் தியோஸ்தாதோ மகபகால் சுதந்திர நாளை ஜூன் 12-க்கு மாற்றினார். பிறர் கொடுத்த நாளை விட்டுத் தாமே அறிவித்த நாளை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் நாம் கொடுத்த நாளான ஆகஸ்ட் 15-ஐச் சுதந்திர நாளாகவும், அறிவித்த நாளான ஜனவரி 26-ஐக் குடியரசு நாளாகவும் வைத்துக்கொண்டோம். இரண்டையும் காப்பாற்றிய இந்த ஏற்பாடு எனக்குச் சரியாகவே படுகிறது.

1947-உம் அதன் பிறகும்

ஜப்பான் சரணடைவதற்கு ஒரு மாதம் முன், 1945 ஜூலை 8 அன்று, சிங்கப்பூர் எஸ்பிளனேடில் இந்திய தேசிய இராணுவ நினைவுச் சின்னத்துக்குப் போஸ் அடிக்கல் நாட்டினார். திரும்பி வந்த பிரிட்டிஷார் செப்டம்பரில் அதைத் தகர்த்தார்கள். 1946 மார்ச்சில் நேரு சிங்கப்பூருக்கு வந்தபோது மவுண்ட்பேட்டனே அவரை வரவேற்றார். அதே ஆகஸ்டில் மலாயா இந்தியர் காங்கிரஸ் உருவானது. போஸின் இயக்கத்தில் இருந்த ஜான் திவி அதன் முதல் தலைவர். அடுத்த ஆண்டு அவரே மலாயாவில் இந்திய அரசின் பிரதிநிதி ஆனார்.

1947-இல் மலாயாவிலும் சிங்கப்பூரிலுமாக ஏறக்குறைய 6 லட்சம் இந்தியர் இருந்தார்கள். ஆகஸ்ட் 15 அன்று அவர்கள் வாழ்ந்த ஊர்களில் கொடியேற்றமும் கூட்டங்களும் நடந்தன. இந்தியா விடுதலை பெற்றுவிட்டது. கொடியேற்றியவர்கள் நின்றுகொண்டிருந்த மண்ணோ இன்னும் பிரிட்டிஷாருடையது.

இங்கே நம் பக்கத்திலும் ஒரு விநோதம் நடந்தது. குற்றாலத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று திவான் சி.பி. ராமசாமி ஐயர் 1947 ஜூனில் அறிவித்திருந்தார். ஜூலை இறுதியில்தான் சமஸ்தானம் இந்தியாவில் சேர இசைந்தது. இல்லாவிட்டால் வாஞ்சிநாதன் பிறந்த செங்கோட்டைக்காரர்கள் ஆகஸ்ட் 15-ஐக் கொண்டாடத் தென்காசிக்கு வரவேண்டியிருந்திருக்கும். செங்கோட்டை தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1 அன்று.

கடல் கடந்தவர்களுக்கு அடுத்து வந்தது தேர்வு. இந்திய அரசியலமைப்பின் 8-ஆம் பிரிவு, வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர் தூதரகத்தில் பதிவுசெய்து இந்தியக் குடியுரிமை பெற வழி திறந்தது. 9-ஆம் பிரிவு, விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை ஏற்றவர் இந்தியக் குடிமகன் ஆகமாட்டார் என்றது. இரண்டு கொடியும் வேண்டும் என்று சொல்ல இடமில்லை. மனைவி மக்களைக் கடையநல்லூரில் விட்டுவந்தவருக்கு ஒரு கணக்கு, தஞ்சோங் பகாரில் பேரன் பேத்தி எடுத்தவருக்கு வேறு கணக்கு. 1935-இல் ‘தமிழ் முரசு’ தொடங்கிய கோ. சாரங்கபாணி, சிங்கப்பூரையே தாயகமாகக் கொள்ளுங்கள், குடியுரிமைக்கு விண்ணப்பியுங்கள் என்று 1950-களில் தமிழரிடம் ஓயாமல் வலியுறுத்தினார். படிக்கத் தெரியாதவர்கள் விண்ணப்பிக்கவும் உதவி செய்யப்பட்டது. அவர் பேச்சைக் கேட்டவர்களின் பிள்ளைகள் பிற்பாடு அவருக்கு நன்றி சொன்னார்கள். சொல்லாதவர்களும் உண்டு. விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் வேலை அனுமதிச் சீட்டு முடிந்ததும் மூட்டை கட்ட நேர்ந்தது.

இலங்கையில் தேர்வுகூடக் கிடைக்கவில்லை. 1948 பிப்ரவரி 4 அன்று இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டு முடிவதற்குள் நிறைவேறிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலை எண்ணிப் பங்கு பிரித்தது. அவர்களுக்கு எந்தத் தேதி சுதந்திர நாள்?

மலாயா 1957 ஆகஸ்ட் 31 அன்று விடுதலை பெற்றது, சிங்கப்பூர் 1965 ஆகஸ்ட் 9 அன்று தனி நாடானது. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1960-இல் உயர்நிலைப் பள்ளியாகி, மாணவர் எண்ணிக்கை தேய்ந்து 1982-இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு அதே பெயரில் தமிழ் மொழி நிலையம் எழுந்தது. பெயர் பிழைத்துக்கொண்டது.

ஆர்ச்சர்ட் சாலை, 2014

குடியேறியவர்கள் தம் நாட்டின் சுதந்திர நாளைக் கொண்டாடலாமா என்ற கேள்வி சிங்கப்பூரில் மீண்டும் எழுந்தது. இம்முறை கொண்டாட நினைத்தவர்கள் பிலிப்பினோக்கள். வீட்டுப் பணிப்பெண்கள், செவிலியர்கள், அலுவலக ஊழியர்கள் என்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வேலை செய்தார்கள். 2014 ஜூன் 8, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆர்ச்சர்ட் சாலையில் நீ ஆன் சிட்டி கட்டடத்தின் முன்புள்ள திறந்தவெளியில் விழா நடத்த அவர்களின் அமைப்புக் குழு திட்டமிட்டது. அறிவிப்பு வெளியானதும் இணையத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. வேறு நாட்டுச் சுதந்திர நாளை எங்கள் நகரின் நடு வீதியில் ஏன் கொண்டாட வேண்டும், தூதரகத்துக்குள் நடத்தட்டுமே என்றார்கள். விளம்பரப் படத்தில் சிங்கப்பூரின் கட்டடங்களைப் போட்டதையும் குற்றமாகக் கண்டார்கள். அமைப்பாளர்களுக்கு மிரட்டல்கள் வந்தன.

பிரதமர் லீ சியன் லூங் எதிர்ப்பாளர்களை வெளிப்படையாகவே கண்டித்தார், இவர்களால் சிங்கப்பூருக்கே அவமானம் என்ற பொருளில் பேசினார். ஆயினும் பாதுகாப்பைக் கருதி மே மாத இறுதியில் அமைப்பாளர்களே விழாவைக் கைவிட்டார்கள். அதற்கு ஆறு மாதம் முன்பு, 2013 டிசம்பர் 8 அன்று, லிட்டில் இந்தியாவில் ஒரு தமிழ்த் தொழிலாளி பேருந்தில் அடிபட்டு இறந்ததை அடுத்துக் கலவரம் நடந்திருந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர் மீதான எரிச்சல் அந்நேரம் உச்சத்தில் இருந்தது.

எதிர்ப்பாளர்களின் அச்சத்துக்குக் காரணமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. வீட்டு வாடகை ஏறியது, இரயிலில் நெரிசல் கூடியது, வேலைக்குப் போட்டி வலுத்தது. அவையெல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றுக்கும், வாரம் ஆறு நாள் பிறர் வீட்டில் உழைத்துவிட்டு ஏழாம் நாள் தன் மொழிப் பாட்டைக் கேட்க விரும்பிய ஒரு பெண்ணுக்கும் என்ன தொடர்பு? 1941-இல் கிள்ளானில் தோட்டத் துரைமார்களும் அந்நியக் கொடி எங்கள் தோட்டத்தில் எதற்கு என்றுதான் கேட்டார்கள்.

பிலிப்பினோக்கள் ஜூன் 12-ஐக் கொண்டாடும் வாரங்களில் சிங்கப்பூரில் பள்ளிகளுக்கு விடுமுறை. இங்கே குற்றாலத்தில் சாரல் தொடங்கும் காலமும் அதுதான். கடையநல்லூர்ப் பாட்டி வீட்டுக்கு வந்திருக்கும் சிங்கப்பூர்ப் பிள்ளைகளை அப்போது ஐந்தருவியில் பார்க்கலாம். ஆகஸ்ட் 9 வருவதற்குள் அவர்கள் திரும்பிப் போயிருப்பார்கள்.